சாவிக் கீரையைச் சல்லடையாக்கும் தெள்ளு வண்டு

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில், தாமான் என்று நாங்கள் சொல்லும் குடியிருப்பில் உள்ள எங்கள் வீட்டுக்குப் பின்னால், வேலிக்கும் சாக்கடைக்கும் நடுவே, அம்மாவின் மூன்று பாத்திகள் இருக்கின்றன. மலேசிய இந்தியர்களின் தலைவராக இருந்த துன் வீ. தி. சம்பந்தன் பிறந்த ஊர் இது. சுற்றிலும் ஒரு காலத்தில் பால்மரம் (ரப்பர்), இப்போது பெரும்பாலும் செம்பனை. அம்மா தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், பிறந்து வளர்ந்தவர். லயத்தை விட்டு வந்து 20 வருடத்துக்கு மேல் ஆகியும், காலையில் மண்ணைத் தொடாவிட்டால் அவருக்குப் பொழுது விடிந்ததாகவே இருக்காது.

போன வருடம் ஒரு நாள் காலையில் பின்கட்டிலிருந்து கூப்பிட்டார். "இங்க வந்து பாருய்யா, கடுகு குதிக்குது."

போய்ப் பார்த்தேன். சாவிக் கீரை இலை மேல் கடுகு மாதிரியே கறுப்பாக, பளபளவென்று ஏழெட்டு ஒட்டிக்கொண்டிருந்தன. விரலை நீட்டினேன். ஒன்றுகூட இல்லை. பறந்ததா, விழுந்ததா என்றே தெரியவில்லை, அவ்வளவு வேகம். இலையைப் பறித்து வெயிலுக்கு நேராகப் பிடித்தால், இடியாப்ப அச்சு மாதிரி பொடிப்பொடியாக ஓட்டை.

(வெளியூர் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: சாவி என்றால் கதவு திறக்கிற சாவி இல்லை. மலாய்க்காரர்கள் சாவி என்று சொல்லும் கடுகுக் கீரையை இங்கே நாங்களும் அப்படியேதான் சொல்கிறோம். மீ கோரேங் (வறுத்த நூடுல்ஸ்) தட்டில் பச்சையாகக் கிடக்குமே, அதேதான். கதவுச் சாவியும் எங்களுக்குச் சாவிதான். இதுவரை யாரும் குழம்பியதில்லை.)

அந்தக் குதிக்கும் கடுகுக்குத் தெள்ளு வண்டு என்று பெயர். நாய் உடம்பில் துள்ளுமே தெள்ளு, அதற்கும் இதற்கும் ரத்த உறவு கிடையாது. தெள்ளு ரத்தம் குடிப்பது, இறக்கை இல்லாதது. இது இலை தின்னும் வண்டுக் குடும்பத்தைச் சேர்ந்தது. இறக்கை உண்டு, வேண்டுமானால் பறந்தும் போகும். குதிப்பதில் மட்டும்தான் இரண்டும் ஒன்று.

தெள்ளு வண்டு என்பது ஒரே ஒரு பூச்சியின் பெயரும் அல்ல. உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான இனங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் ஒரு நாக்கு. உருளைக்கிழங்கு இலையை மொய்ப்பது வேறு, சாவியை மொய்ப்பது வேறு. நம் பாத்திக்கு வந்ததன் அறிவியல் பெயர் ஃபில்லோட்ரீட்டா ஸ்ட்ரியோலாட்டா. முதல் பாதி கிரேக்கம், இலையைத் துளைப்பது என்று பொருள். இரண்டாம் பாதி லத்தீன், கோடு உள்ளது என்று பொருள். ஆளைப் பார்த்துத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள். நீளம் சுமார் 2 மில்லிமீட்டர். கறுப்பு முதுகில் நெளிநெளியாக இரண்டு மஞ்சள் கோடுகள். வெறும் கண்ணுக்குக் கோடு மங்கலாகத்தான் தெரியும். கைப்பேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள், பளிச்சென்று தெரியும்.

காலில் ஒரு வில்

இந்தக் குதியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். இவ்வளவு சின்னப் பூச்சியின் தசை எவ்வளவு வேகமாகச் சுருங்கினாலும் அந்த வேகத்தைத் தராது. ரகசியம் பின்னங்கால் தொடையில் இருக்கிறது. அந்தத் தொடை மட்டும் உடம்புக்குப் பொருத்தமில்லாமல் பருத்திருக்கும். உள்ளே சுருள் மாதிரி கெட்டியான ஓர் உறுப்பு உண்டு. தசை மெதுவாக இழுத்து அதில் விசையை ஏற்றி வைக்கும். ஆபத்து என்றதும் பிடியை விடும். உண்டிவில்லில் ரப்பரை இழுப்பது மெதுவாக, கல் பறப்பது வேகமாக. அதே கணக்குதான். 1929-ல் இதை விவரித்து எழுதியவர் சமரேந்திர மௌலிக் என்ற இந்தியப் பூச்சியியலாளர். அதனால் அந்த உறுப்புக்கு மௌலிக் உறுப்பு என்ற பெயரும் உண்டு.

இதில் நமக்கு வேண்டிய பாடம் ஒன்றே: கையால் பிடித்து நசுக்கலாம் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். கம்பளிப்பூச்சியைப் பொறுக்கலாம், நத்தையைப் பொறுக்கலாம். இதைப் பொறுக்க முடியாது.

ஓட்டையைப் படிப்பது

பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள். இலையில் ஓட்டை என்றால் உடனே 'புழு' என்று முடிவு கட்டிப் புழு மருந்து வாங்கிவிடுகிறார்கள். யார் தின்றது என்று இலையே சொல்லும்.

தெள்ளு வண்டு கடிப்பது சிறுகச் சிறுக. ஒரு புள்ளியில் சுரண்டும், அடுத்த புள்ளிக்குப் போகும். ஊசியால் குத்தியது போல், ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அளவில், இலை முழுவதும் சிதறிய ஓட்டைகள் விழும். சில இடத்தில் முழுவதும் துளைக்காமல் மெல்லிய தோலை விட்டுவைக்கும். அது பிறகு காய்ந்து உதிர்ந்து ஓட்டையாகும். இலை வளர வளர அந்த ஓட்டையும் சேர்ந்து பெரிதாவதால், முற்றிய இலையில் பார்க்கும்போது பெரிய பூச்சி தின்றது போலத் தோன்றும்.

கேமரன் மலைக் கோஸ் விவசாயிகளுக்குத் தூக்கத்தைக் கெடுக்கும் வைரமுதுகு அந்துப்பூச்சி வேறு ஆள். அதன் பச்சைப் புழு இலையின் அடிப்பக்கத்தைச் சுரண்டி, மேல்தோலைக் கண்ணாடி ஜன்னல் மாதிரி விட்டுவைக்கும். தொட்டால் நெளிந்துகொண்டே நூல் விட்டுத் தொங்கும். நத்தை என்றால் பளபளக்கும் கோழைத் தடம் இருக்கும். வெட்டுக்கிளி ஓரத்திலிருந்து அரிக்கும். இலைக்குள்ளே வெள்ளைக் கோடு வளைந்து வளைந்து போனால் அது இலைத்துளைப்பான்.

இன்னும் சந்தேகமா? வெயில் ஏறிய பிறகு, நிழல் விழாமல் மெதுவாகப் பாத்தியை நெருங்குங்கள். கடுகு குதித்தால் ஆள் அவன்தான்.

காரத்துக்கு வந்த விருந்தாளி

எத்தனையோ கீரை இருக்க, ஏன் சாவி? இதற்கான பதில் நம் அடுப்படியிலேயே இருக்கிறது.

தாளிக்கும்போது கடுகைக் கொதிக்கிற எண்ணெயில் போடுகிறோம். வெடிக்கும், மணக்கும், ஆனால் மூக்கில் ஏறாது. அதே கடுகைப் பச்சையாக, குளிர்ந்த நீர் விட்டு அரைத்தால் கண்ணில் நீர் வரும். காரணம், கடுகுக்குள் காரம் தயாராக இல்லை. குளுக்கோசினோலேட் என்ற பொருள் ஒரு பக்கம், மைரோசினேஸ் என்ற நொதி இன்னொரு பக்கம், தனித்தனி அறைகளில் இருக்கின்றன. அரைக்கும்போது சுவர் உடைந்து இரண்டும் சேரும். அப்போதுதான் காரமான எண்ணெய் பிறக்கும். சூடான எண்ணெயில் போட்டாலோ சேர்வதற்குள் நொதி வெந்து செத்துவிடும்.

கடுகு குடும்பத்துச் செடிகள் எல்லாவற்றிலும் இந்த ஏற்பாடு உண்டு. சாவி, பக்சோய், கெய்லான், கோஸ், காலிஃபிளவர், முள்ளங்கி எல்லாம் ஒரே குடும்பம். செடிக்கு இது ஆயுதம். கடிக்கிற பூச்சியின் வாயிலேயே வெடிக்கும் பட்டாசு. பெரும்பாலான பூச்சிகள் ஓடிவிடும்.

தெள்ளு வண்டு ஓடவில்லை. அந்தக் கார வாசனையைப் பிடித்துக்கொண்டே செடியைத் தேடி வருகிறது. அதோடு விட்டதா? 2014-ல் ஜெர்மனியின் யேனா நகரில் உள்ள மாக்ஸ் பிளாங்க் வேதிச் சூழலியல் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த ஃபிரான்சிஸ்கா பெரனும் உடன் ஆய்வாளர்களும் இந்த வண்டை ஆராய்ந்து ஒன்றைக் காட்டினார்கள். தின்னும் இலையிலிருந்து குளுக்கோசினோலேட்டை எடுத்து வண்டு தன் உடம்பில் சேர்த்து வைக்கிறது. நொதியைச் செடியிடம் வாங்கவில்லை, சொந்தமாகவே தயாரிக்கிறது. அதாவது செடியின் பட்டாசு மருந்தைத் திருடி, தன்னுடைய திரியை வைத்துக்கொண்டிருக்கிறது. கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்று செடியைச் சொன்னார்கள். வண்டுக்கும் பொருந்தும் என்று சொன்னவர்களுக்குத் தெரிந்திருக்காது.

இன்னொரு விஷயம். ஆண் வண்டு தின்றுகொண்டே ஒரு வாசனையை விடும். அது பெண்ணை மட்டுமல்ல, மற்ற ஆண்களையும் இழுக்கும். செடியின் கார வாசனையும் இந்த வாசனையும் கலந்தால் இழுப்பு இன்னும் அதிகம். நேற்று நாலு இருந்த பாத்தியில் இன்று நாற்பது இருப்பது அதனால்தான். பந்தி நடக்கிறது என்று வெளியே பலகை வைத்த மாதிரி.

பாதி வாழ்க்கை மண்ணுக்குள்

இதுவரை சொன்னது கண்ணுக்குத் தெரிகிற பாதி. தெரியாத பாதியைப் புரிந்துகொள்ளாமல் இந்த வண்டை ஒன்றும் செய்ய முடியாது. எனக்கு இது புரிய இரண்டு போகம் ஆனது.

பெண் வண்டு இலையில் முட்டையிடாது. செடியின் அடியில், வேரை ஒட்டிய மண்ணில் இடும். முட்டை பொரிக்க நல்ல ஈரம் வேண்டும். தினம் இரண்டு வேளை தண்ணீர் ஊற்றுகிற கீரைப் பாத்தியை விட வசதியான இடம் அதற்கு எங்கே கிடைக்கும்? பொரித்து வரும் வெள்ளைப் புழு வேரைத் தின்னும். சாவியில் இது வெளியே தெரியாது. செடி கொஞ்சம் சோர்ந்து நிற்கும், நாம் உரம் போதவில்லை என்று நினைப்போம். முள்ளங்கியில்தான் குட்டு வெளிப்படும். பிடுங்கிப் பார்த்தால் கிழங்கின் தோலில் கறுப்பாக நெளிந்த தடங்கள் இருக்கும். புழு மண்ணிலேயே கூட்டுப்புழுவாகி, வண்டாகி, ஒரு நாள் மேலே ஏறி வரும்.

முட்டையிலிருந்து வண்டு வரை, நம் மாதிரி சூடான ஊரில் மூன்று நாலு வாரம். சரி, விதை போட்ட சாவியை நாம் அறுப்பது எப்போது? 30 முதல் 40 நாளில்.

இந்த இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முளை விட்ட வாரத்திலேயே வண்டு வந்து முட்டையிடுகிறது. நாம் கீரையை அறுக்கும் நேரத்தில் புது வண்டுகள் மண்ணிலிருந்து வருகின்றன. நாம் அதே பாத்தியைக் கொத்திவிட்டு, அதே வாரம், மறுபடி சாவி விதைக்கிறோம். புது வண்டு பறக்கக்கூட வேண்டாம், வீட்டு வாசலிலேயே பந்தி. ஒவ்வொரு போகத்துக்கும் கூட்டம் ஏறிக்கொண்டே போகும்.

கனடாவில் கனோலா என்ற கடுகு குடும்பத்து எண்ணெய்வித்துப் பயிரின் வயல்களுக்கும் இதே வண்டு பெரிய தலைவலி. ஆனால் அங்கே குளிர்காலம் வந்து கதவைச் சாத்திவிடும். வண்டு சருகுக்குள் ஒடுங்கிக் கிடந்து வசந்தத்தில்தான் எழும், வருடத்துக்கு ஒரு தலைமுறைதான். பேராக்கில் எந்த மாதம் கதவு சாத்துகிறது? மழையும் வெயிலும் மாறி மாறி, வருடம் முழுக்க முளை, வருடம் முழுக்க வண்டு.

அம்மா ஒன்று சொல்வார்: "லயத்துல இருந்தப்ப இந்தப் பூச்சியெல்லாம் கண்டதே இல்ல." காலம் கெட்டுவிட்டது என்பது அவர் முடிவு. கொஞ்சம் தோண்டிக் கேட்டபோது வேறு காரணம் கிடைத்தது. லயத்துக்குப் பின்னால் பாட்டி போட்டது தண்டுக்கீரை, கத்தரி, மிளகாய், பயிற்றங்காய், வெண்டை. சாவி அவர்கள் பாத்தியிலும் இல்லை, குழம்பிலும் இல்லை. கடுகு குடும்பமே இல்லாத இடத்தில் இந்த வண்டுக்கு என்ன வேலை? எங்கள் வீட்டில் சாவி நுழைந்தது நானும் தங்கையும் மேகி மீ கேட்டு அழத் தொடங்கிய பிறகுதான்.

அடித்துப் பார்த்ததும் மாற்றிப் பார்த்ததும்

முதல் போகத்தில் நான் செய்தது எல்லோரும் செய்வதுதான். பட்டணத்தில் ஒரு கடையில் விவரம் சொன்னேன். ஒரு பாட்டிலைக் கொடுத்தார்கள். அடித்த அன்று மாலை ஒரு வண்டு இல்லை. நாலாம் நாள் பழைய கூட்டம். மறுபடி அடித்தேன், மறுபடி வந்தன. இலையில் அடித்தது இலையில் இருந்ததைக் கொன்றது. மண்ணுக்குள் இருந்தது வரிசையில் நின்று ஒவ்வொன்றாக ஏறி வந்தது. ஒரே மருந்தை இப்படித் திரும்பத் திரும்ப அடித்தால் அதைத் தாங்கும் வண்டுகள் மட்டும் பிழைத்துப் பெருகும் என்பது தனிக் கதை.

அதை விடப் பெரிய தவறு, கடைசியாக அடித்ததற்கும் அறுவடைக்கும் எத்தனை நாள் விட வேண்டும் என்று நான் படிக்கவே இல்லை. மலேசியாவில் பூச்சிமருந்துகள் 1974-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்து விற்கப்படுபவை. எந்தப் பயிருக்கு, எவ்வளவு, எத்தனை நாள் இடைவெளி என்பது லேபிளில் மலாயில் இருக்கும். 30 நாளில் அறுக்கும் கீரைக்கு அந்த இடைவெளி சின்ன விஷயம் இல்லை. லேபிள் இல்லாத பாட்டிலையும், செம்பனைக்கு வாங்கி மிஞ்சியதையும் கீரைப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். வேண்டிய ஆலோசனையை விவசாயத் துறை அலுவலகத்தில் கேட்கலாம்.

அப்புறம் செய்தது, பாத்தியை மாற்றியது. அறுத்த சாவியின் வேரைக் கட்டையோடு பிடுங்கி எடுத்தோம். வேர் நின்றால் புழுவுக்குச் சோறு நிற்கிறது என்று அர்த்தம். மண்ணைக் கொத்திப் புரட்டி, தண்ணீர் ஊற்றாமல் இரண்டு வாரம் வெயிலில் காயவிட்டோம். முட்டைக்கு ஈரம் வேண்டும் அல்லவா, அதைக் கொடுக்கவில்லை. இங்கே இரண்டு வாரம் மழையில்லாமல் கிடைப்பது அதிர்ஷ்டம். மழை வந்தால் பாத்தி மேல் பிளாஸ்டிக் தாளை இழுத்துவிட்டோம்.

பிறகு அந்த இடத்தில் சாவி போடாமல் கங்கோங் (நீரில் வளரும் வள்ளைக் கீரை) போட்டோம். அடுத்த போகம் தண்டுக்கீரை. மண்ணிலிருந்து ஏறி வரும் வண்டுக்குக் கங்கோங் இலையில் காரம் இல்லை, வேலையும் இல்லை. இங்கே ஒரு எச்சரிக்கை: சாவிக்குப் பிறகு கெய்லான், கெய்லானுக்குப் பிறகு முள்ளங்கி என்று மாற்றுவது மாற்றமே இல்லை. பெயர்தான் வேறு, வண்டுக்கு எல்லாம் ஒரே வீட்டுச் சமையல். எதிர்வீட்டு அண்ணன் இப்படித்தான் மூன்று போகம் "மாத்தி மாத்திப் போட்டேன், ஒண்ணும் ஆகல" என்று புலம்பினார்.

சாவி விதையை இப்போது நேரே பாத்தியில் தூவுவதில்லை. தட்டில் முளைக்க வைத்து, வலை மூடி, நாலு இலை வந்த பிறகு நடுகிறோம். இந்த வண்டிடம் செடி உயிரை விடுவது முளைப் பருவத்தில்தான். இரண்டே இலை இருக்கும்போது இரண்டிலும் ஓட்டை விழுந்தால் மூச்சு விட ஏது இடம்? கனடாவில் கனோலா முளையின் இலைப்பரப்பில் 25 விழுக்காடு போனால்தான் மருந்தைப் பற்றி யோசிக்கச் சொல்கிறார்கள். அதற்குள் என்றால் செடி சமாளித்துவிடும். வேரூன்றிய செடி ஓட்டையோடும் வளரும். சந்தையில் விலை போகாது, அவ்வளவுதான். விற்பவர்களுக்கு அதுவே பெரிய அடி என்பதையும் மறுக்கவில்லை.

வலையைப் பற்றி இரண்டு வார்த்தை. கண் 0.8 மில்லிமீட்டர் அல்லது அதற்கும் சின்னதாக இருக்க வேண்டும். சாதாரணக் கொசுவலைக்குள் இந்த வண்டு நுழைய வாய்ப்புண்டு. ஓரத்தை மண் போட்டு மூட வேண்டும். முக்கியமாக, போன போகம் சாவி இருந்த பாத்தியின் மேல் வலை போடாதீர்கள். வண்டு வெளியிலிருந்து வரவில்லை, கீழிருந்து வருகிறது. வலை அப்போது காவல் இல்லை, கூண்டு. உள்ளே வண்டும் கீரையும் தனியாக.

மஞ்சள் நிறப் பசை அட்டையைச் செடி உயரத்துக்கு நட்டு வைத்தால் வண்டு ஒட்டும். கூட்டத்தைக் குறைக்கிறதோ இல்லையோ, வந்திருக்கிறதா, எத்தனை என்று எண்ணிப் பார்க்க நல்லது. நன்மை செய்யும் பூச்சியும் ஒட்டும் என்பதால் நான் இரண்டு அட்டைக்கு மேல் வைப்பதில்லை. சாம்பல் தூவுவது பாட்டி காலத்துப் பழக்கம். இலை காய்ந்திருக்கும் வரை வண்டு தயங்குவதைப் பார்த்திருக்கிறேன். சாயங்கால மழையில் சாம்பல் போய்விடும், மறுநாள் காலை மறுபடி தூவ வேண்டும். அம்மா தூவுவார், எனக்குப் பொறுமை இல்லை. மண்ணில் உள்ள புழுவைக் கொல்லும் நூற்புழுக்களையும் பூஞ்சைகளையும் பல நாடுகளில் ஆராய்ந்து பயன்படுத்துகிறார்கள். மூன்று பாத்திக்காரர்களுக்கு அது கட்டுப்படியாகாது.

கடைசியாக, பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் கூட என்னிடம் கேட்கப்படும் கேள்வி: ஓட்டை விழுந்த சாவியைத் தின்னலாமா? தாராளமாக. வண்டு விஷம் எதையும் விட்டுச் செல்வதில்லை. ஓடும் தண்ணீரில் அலசினால் போதும். முள்ளங்கியில் தடம் விழுந்த தோலைச் சீவிவிடலாம். மருந்து அடித்தது உங்களுக்குத் தெரிந்திருந்தால், லேபிளில் சொன்ன நாள் முடிந்ததா என்பதுதான் கேள்வி, ஓட்டை அல்ல. அம்மா அறுக்கும்போது இரண்டு குவியல் போடுவார். ஓட்டை இல்லாதது அக்கம்பக்கத்து வீடுகளுக்கு, சல்லடை எங்களுக்கு. நேற்று இரவு சாவிப் பொரியலில் தேங்காய்ப்பூ ஓட்டை வழியாகவே உதிர்ந்துகொண்டிருந்தது.